திறந்தவெளி லேசர் வாயுமானி: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

ஒரு முனையில் லேசர் பெட்டி, எதிர் முனையில் ரிஃப்ளெக்டர், நடுவில் வெறும் காற்று. இப்படி அமைந்த வாயுமானிகளுக்கான வழிமுறை இது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், அங்குள்ள வெயில், தூசி, கரண்ட் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. அம்மோனியாவுக்கு 1512 நானோமீட்டர், மீத்தேனுக்கு 1653.7, ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 1578-ஐ ஒட்டிய பகுதி என்று அந்தந்த வாயு ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தில் டயோடு லேசரை ஓட்டும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். திருப்பதி அருகே காதங்கியில் இருப்பதுபோல வானத்தை நோக்கிப் பச்சை ஒளித்துடிப்பு அனுப்பும் லைடாருக்கு இது உதவாது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: திரும்பி வரும் ஒளியின் அளவு, பெட்டிக்குள் வெப்பநிலை. கருவி நிறுவிய நாளில் ஒளி அளவு எவ்வளவு இருந்தது என்ற குறிப்பும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கோளாறு பெரும்பாலும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும். அதனால் காரணம் தெரியும் முன் ஜீரோ பட்டனையோ கேலிப்ரேஷன் (அளவு திருத்தும்) மெனுவையோ தொடவே கூடாது. அழுக்குக் கண்ணாடியோடு ஜீரோ போட்டால் அந்தப் பிழை கருவியின் நினைவில் தங்கிவிடும். பிறகு கண்ணாடியைத் துடைத்தாலும் எண் சரியாகாது.

இன்னொன்று. எண் திடீரென்று ஏறினால் முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள், கருவியைப் பிறகு சந்தேகப்படலாம். சுண்ணாம்புத் தொட்டிக் கழிவில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். அதோடு பிக்கிள் (தோலை அமிலத்தில் ஊறவைக்கும் கட்டம்) அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு நொடிகளில் கிளம்பும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் இல்லையே என்று உள்ளே இறங்குவது உயிரோடு விளையாடுவது.

அறிகுறி 1: ஒளி அளவு குறைகிறது, அல்லது ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது

எப்போது குறைகிறது என்று பாருங்கள். காரணத்தை நேரமே காட்டிக்கொடுக்கும்.

*விடியற்காலையில் மட்டும்*

மார்கழி, தை மாதங்களில் பாலாற்றங்கரைப் பக்கம் வழக்கமாக வருவது. ஒன்பது மணிக்குள் தானாகச் சரியாகிவிட்டால் ரிஃப்ளெக்டரில் பனி படிந்திருக்கிறது. ஆறரை மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். எதிர்க்கம்பமே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடுபனி என்றால் கருவியில் குற்றமில்லை. பனி விலகும்வரை காத்திருங்கள். கம்பம் தெளிவாகத் தெரிந்தும் ஒளி இல்லையென்றால் கண்ணாடியைத் தொடாமல் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், நீர்த்துளிகள் மின்னும். ரிஃப்ளெக்டருக்கு முன்னால் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குழாய் மூக்கு வைத்தால் பனி படிவது நன்றாகவே குறையும். கண்ணாடி திறந்த வானத்தை நேராகப் பார்ப்பதால்தான் அவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது. அந்தக் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும். வாரத்துக்கு ஒருமுறை விரலால் அல்ல, பிரஷ்ஷால் வலையை எடுங்கள்.

ஹீட்டர் உள்ள ரிஃப்ளெக்டரிலும் பனி படிந்தால் ஹீட்டர் செத்திருக்கலாம். கரண்டை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 24 வோல்ட், 12 வாட் ஹீட்டர் என்றால் 48 ஓம் பக்கம் காட்ட வேண்டும். எல்லையற்ற ஓம் காட்டினால் உள்கம்பி அறுந்துவிட்டது, ஹீட்டரை மாற்றுங்கள். இது வரை நீங்களே செய்யலாம்.

*மதியம் 12 முதல் 4 வரை மட்டும்*

இதில் மூன்று வழிகள் பிரியும். குழப்பிக்கொண்டால் காசு வீண்.

ஒளி அளவு சீராக இறங்கி, வெயில் தாழ்ந்ததும் ஏறினால், கம்பம் வளைகிறது. இரும்புக் கம்பத்தின் ஒரு பக்கம் வெயிலில் காய்ந்து மறுபக்கம் நிழலில் இருக்கும்போது காய்ந்த பக்கம் நீளும். கணக்கு இதுதான்: 100 மில்லிமீட்டர் விட்டம், 2 மீட்டர் உயரமுள்ள கம்பத்தில் இரு பக்கமும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் மேல்முனை சுமார் 2.4 மில்லிரேடியன் சாயும். 100 மீட்டர் தாண்டி ஒளிக்கற்றை 24 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 6 சென்டிமீட்டர் ரிஃப்ளெக்டரை அது எப்படிப் பிடிக்கும்? காலை அலைன்மென்ட் செய்தவர், அதாவது ஒளி ரிஃப்ளெக்டரில் படும்படி திசை சரிசெய்தவர் மேல் தவறில்லை. கம்பத்தைச் சுற்றி, இடைவெளி விட்டு, பெரிய பிவிசி குழாயை உறையாகப் போடுங்கள். வெள்ளை பெயின்ட் அடியுங்கள். அலைன்மென்ட்டைக் காலையிலும் மதியத்திலும் பார்த்து நடுவில் நிறுத்துங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் கம்பத்தை எடுத்துவிட்டு, குட்டையான கான்கிரீட் பீடம் கட்டுங்கள்.

ஒளி அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் ‘அலைநீளப் பூட்டு இல்லை’ என்ற வகைச் செய்தி வருகிறது என்றால் லேசர் சூடாகிவிட்டது. இந்த லேசர்களின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். வாயு ஒளியை உறிஞ்சும் அலைநீளப் பட்டையை ‘கோடு’ என்பார்கள்; அதுவோ அதைவிடக் குறுகலானது. லேசரை ஒரே வெப்பத்தில் வைத்திருக்கும் குளிர்விப்புத் தகடு, வெளிப்பெட்டி 60 டிகிரியைத் தொடும்போது திணறும். கத்திரி வெயிலில் வேலூரில் மூடிய இரும்புப் பெட்டிக்கு 60 டிகிரி சாதாரணம். தகடு எடுத்துக்கொள்ளும் கரண்ட்டை மெனுவில் பாருங்கள். உச்சவரம்பில் நின்றால் விடை கிடைத்துவிட்டது. பெட்டிக்கு மேல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் கூரைத்தகடு, தெற்கிலும் மேற்கிலும் மறைப்பு. காற்றோட்டத் துளைகளின் ஃபில்டரைக் கழுவுங்கள். இதற்குப் பிறகும் மதியம் பூட்டு போனால் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். லேசரின் வெப்பநிலை அமைப்பை நீங்களாக மாற்றினால் கோடு தவறி, வேறு வாயுவின் கோட்டிலேயே உட்கார்ந்துவிடலாம். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரிவதால் இது மிக ஆபத்தான தவறு.

சராசரி ஒளி அளவு சரி, ஆனால் நொடிக்கு நொடி துள்ளுகிறது என்றால் கானல். தார்த்தரை, அஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் ஒளி போகும் இடத்தில் இது கட்டாயம் வரும். ஒளிப்பாதையைத் தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேலே உயர்த்துங்கள், சராசரி நேரத்தை 60 நொடியாக்குங்கள். ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைப்போல 1.19 மடங்கு கனம். தொட்டி ஓரத்தில் அதைப் பிடிக்க வைத்த பாதையைக் கானலுக்காக மேலே தூக்காதீர்கள். அங்கே துள்ளலைப் பொறுத்துக்கொள்வதே சரி.

*வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக*

அழுக்கு. சுண்ணாம்புத் தூளும், தோலைத் தேய்க்கும்போது கிளம்பும் பஃபிங் தூசியும் கண்ணாடியில் மெல்லிய படலமாக ஒட்டும். உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைக்காதீர்கள். சுண்ணாம்புத் துகள் கீறிவிடும். முதலில் கைப்பம்ப் காற்று. அடுத்து டிஸ்டில்டு வாட்டரைக் கண்ணாடி மேல் வழிய விடுங்கள். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாளை ஒரே திசையில் ஒருமுறை இழுத்து எறியுங்கள். புதுத் தாளில் மறுபடி. தங்கப்பூச்சு உள்ள குழிவு ரிஃப்ளெக்டருக்குக் காற்றும் தண்ணீரும் மட்டுமே. தாள் பட்டால் பூச்சு போய்விடும்.

பெட்டிக் கண்ணாடியைத் துடைத்தவுடன் ஒளி அளவைக் குறியுங்கள், ரிஃப்ளெக்டரைத் துடைத்தபின் இன்னொருமுறை. எந்தப் பக்கம் சீக்கிரம் அழுக்காகிறது என்பது இரண்டு மூன்று முறையில் தெரிந்துவிடும். துடைத்தும் பழைய அளவில் 90 சதவீதம்கூட வரவில்லையென்றால் அலைன்மென்ட். அதையும் பார்த்தாகிவிட்டது என்றால் ரிஃப்ளெக்டரைக் கழற்றி 10 மீட்டரில் பிடித்துப் பாருங்கள். ஒளி அளவு உச்சத்துக்குப் போய் முட்டினால் லேசரும் டிடெக்டரும் நலம்; பழுது பாதையில் அல்லது ரிஃப்ளெக்டர் நிறுத்திய விதத்தில். 10 மீட்டரிலும் மங்கலாக இருந்தால் வேறு ரிஃப்ளெக்டரை வாங்கிவைத்துப் பாருங்கள். அப்போதும் அதே என்றால் லேசர் வயதாகிவிட்டது. அது நிறுவனத்துக்குப் போகவேண்டிய வேலை, செலவும் பெரிது.

*திடீரென்று ஒரே அடியாக*

பாதையில் ஏதோ நிற்கிறது. லாரி, தார்ப்பாய், கம்பத்தில் காயப்போட்ட தோல், மழைக்குப் பின் வளர்ந்த சீமைக் கருவேலக் கிளை. லேசரை அணைத்துவிட்டுப் பைனாகுலரில் எதிர்க்கம்பத்தைப் பாருங்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஓடும் லேசரை நோக்கிப் பைனாகுலர் வைக்கவே கூடாது. பாதை காலியாக இருந்தால் கம்பத்தின் அடியைக் காலால் அழுத்திப் பாருங்கள். ஐப்பசி மழையில் மண் இளகி, அஸ்திவாரம் குறைந்த கம்பம் சாய்வதுண்டு. 90 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் கான்கிரீட் இறங்கியிருக்க வேண்டும்.

அறிகுறி 2: எண் ஜீரோவிலேயே நிற்கிறது

மீத்தேன் கருவி சுத்தமான ஜீரோ காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். சாதாரணக் காற்றிலேயே சுமார் 1.9 பிபிஎம் மீத்தேன் உண்டு. 100 மீட்டர் பாதையில் அது 190 பிபிஎம்-மீட்டர் (பிபிஎம்மைப் பாதை நீளத்தால் பெருக்கிய அளவு). அதையும் காட்டாத கருவி எதையும் காட்டாது. சில மாடல்கள் மட்டும் பின்னணியைக் கழித்துவிட்டுக் காட்டும். மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மோனியாவுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் இந்த வசதி இல்லை. பின்னணி ஏறக்குறைய ஜீரோ. வாயு நிரப்பிய சோதனைக் குழலை ஒளிப்பாதையில் நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். மீத்தேனில் கணக்குக் காட்டுகிறேன்: 10 சென்டிமீட்டர் குழலில் 1 சதவீத மீத்தேன், அதாவது 10,000 பிபிஎம். 10,000-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 1,000 பிபிஎம்-மீட்டர். போகும் ஒளியும் வரும் ஒளியும் ஒரே குழல் வழியாகப் போனால் 2,000. எண் அந்த அளவுக்கு ஏறினால் கருவி உயிரோடு இருக்கிறது. அம்மோனியாவில் பொறுமை வேண்டும்; அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிடிஎஃப்ஈ (டெஃப்லான்) குழாயே பயன்படுத்துங்கள், 15 முதல் 20 நிமிடம் வாயுவை ஓடவிட்டு எண் நிலைத்தபின் குறியுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு சிலிண்டரைத் திறந்தவெளியில், காற்று வீசி வரும் பக்கத்தில் நின்று, பக்கத்தில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் திறக்கலாம்.

குழலுக்கும் எண் அசையவில்லையென்றால் பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே அலைநீளத்தைப் பூட்டும் ஒப்பீட்டு வாயுக் குழல் கசிந்திருக்கலாம், லேசர் கோட்டை விட்டு விலகியிருக்கலாம். இரண்டும் நிறுவன வேலை.

அறிகுறி 3: நாற்றம் அடிக்கிறது, கருவி காட்டவில்லை

இந்தப் புகார்தான் அதிகம் வரும், கருவிமேல் வீண்பழியும் இதில்தான் விழும்.

ஹைட்ரஜன் சல்ஃபைடை மனித மூக்கு 1 பிபிஎம்முக்கு வெகு கீழேயே உணரும். இந்த அலைநீளத்தில் அந்த வாயு ஒளியை மிகப் பலவீனமாகத்தான் உறிஞ்சும். அதனால் லேசரின் கீழ்வரம்பு மூக்கைவிட மேலே இருக்கும். லேசான நாற்றம், ஜீரோ எண்: இது கோளாறு அல்ல. இந்தக் கருவி ஆபத்தைப் பிடிக்க வைத்தது. அக்கம்பக்கத்து நாற்றப் புகாருக்கு வேறு கருவி வேண்டும்.

அடுத்து, பாதை முழுவதற்கும் சராசரி. 2 மீட்டர் அகலத்தில் 100 பிபிஎம் மேகம் ஒன்று பாதையைக் கடந்தால் கிடைப்பது 200 பிபிஎம்-மீட்டர். 100 மீட்டர் பாதைக்குப் பிரித்தால் திரையில் 2 பிபிஎம்தான். அந்த 2 மீட்டருக்குள் நிற்பவருக்கு அது 100. எனவே எச்சரிக்கை மணியைப் பிபிஎம்மில் வைக்காமல் பிபிஎம்-மீட்டரில் வையுங்கள். தொட்டியில் இறங்குபவர் சட்டையில் கையடக்க வாயுமானி இருந்தே ஆக வேண்டும். வேலி ஓர லேசர் அதற்கு மாற்று ஆகாது.

மூன்றாவது, காற்றின் திசை. ஜூன் முதல் செப்டம்பர்வரை இங்கே காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து; வாடைக் காலத்தில் வடகிழக்கிலிருந்து. மார்கழியில் நிறுவி, தொட்டிக்குத் தென்மேற்கே பாதை போட்டிருந்தால் ஆடியில் வாயு அந்தப் பக்கமே வராது. ஒரு ரிப்பனைக் கம்பத்தில் கட்டி ஒரு வாரம் பாருங்கள். இரண்டு திசைக்கும் ஒரே கருவிதான் என்றால் எதிர்ப்புறம் இரண்டாவது பீடம் கட்டி, பருவம் மாறும்போது கருவியை மாற்றி வையுங்கள்.

அறிகுறி 4: எண் அலைபாய்கிறது

நொடிக்கணக்கில் துள்ளினால் முதலில் அது உண்மையான வாயுவா என்று பாருங்கள். கழிவுநீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடும்போது மேகம் மேகமாகத்தான் வரும். அப்படி இல்லாமல், டிரம் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் மட்டும் குதித்தால் மின் இரைச்சல். சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்டுங்கள், ஷீல்டு கம்பியை ஒரே முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

மணிக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கினால் கதை வேறு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணையும் பெட்டி வெப்பநிலையையும் அருகருகே எழுதுங்கள். காற்று எப்படி வீசினாலும் ஒரே வெப்பநிலையில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், எங்கோ இரண்டு இணையான கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே ஒளி முன்னும் பின்னும் மோதிப் போலியான அலையை உண்டாக்குகிறது. பெட்டிக் கண்ணாடி உடைந்தபோது உள்ளூர்க் கடையில் வெட்டிய சாதாரணக் கண்ணாடியை யாராவது போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அசல் கண்ணாடி ஆப்புப்போல ஒரு பக்கம் தடித்து, சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் இடத்தில் தட்டைக் கண்ணாடி கூடவே கூடாது. கண்ணாடி அசல்தான், சுத்தமும்தான், ஆனாலும் அலைகிறது என்றால் உள்ளே ஃபைபர் இணைப்பில் பழுது. அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி 5: எண் எப்போதும் ஒரே விகிதத்தில் தவறு

சரியாக இரண்டு மடங்கு அல்லது சரியாகப் பாதி என்றால் பாதை நீளம். ரிஃப்ளெக்டர் 100 மீட்டரில் என்றால் ஒளி 200 மீட்டர் பயணிக்கிறது. சில கருவிகள் 100 கேட்கும், சில 200 கேட்கும்.

10 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினால், கருவியை மலைக்கு மாற்றினீர்களா? வேலூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர். காற்றழுத்தம் 988 மில்லிபார் பக்கம். ஏலகிரியில் சுமார் 890. கருவியில் 1013 என்று வைத்தபடியே விட்டால் வேலூரில் 2.5 சதவீதம்தான் பிழை, ஏலகிரியில் 12. சுமார் 6 சதவீதம் கூடுதலாகக் காட்டினால் வெப்ப சென்சாரைப் பாருங்கள்: அது வெயிலில் காய்ந்து, வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும்போது 60 என்று சொல்லிக்கொண்டிருக்கும். நிழலுக்கு மாற்றினால் போதும்.

அறிகுறி 6: கருவியில் ஒரு எண், கன்ட்ரோல் ரூமில் வேறு எண்

மல்டிமீட்டரைத் தொடரில் வைத்து லூப் கரண்ட்டை (எண்ணைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுபோகும் கரண்ட்) அளங்கள். 4 மில்லிஆம்ப் ஜீரோ, 12 பாதி, 20 முழு அளவு. கரண்ட் சரி, எண் தவறு என்றால் இரு பக்கமும் ரேஞ்ச் ஒன்றாக இல்லை. கருவியில் 0–500, பிஎல்சியில் (கன்ட்ரோல் ரூமில் எண்ணை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினி) 0–100 என்று இருக்கும்.

கரண்ட்டே விட்டு விட்டு வந்தால் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். செம்புக் கம்பி முனைகள் கரிபோல் கறுத்திருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் இப்படித்தான் தின்னும். முனையை வெட்டிப் புதிதாகச் சீவி, வெள்ளீயம் பூசிய லக் அடித்து இறுக்குங்கள். கேபிள் நுழையும் பித்தளை கிளாண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்தால் இறுக்கத்தில் இருக்கும் பித்தளையில் முடிபோல் விரிசல் ஓடும். அந்த வழியாகத்தான் வாயு உள்ளே வந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாண்டுக்கு மாறுங்கள், பெட்டிக்குள் சிலிகா ஜெல் பை வையுங்கள்.

அறிகுறி 7: கருவி தானாக அணைந்து மீண்டும் எழுகிறது

யூபிஎஸ் பேட்டரி முதல் சந்தேகம். அடுத்தது கேபிள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். 200 மீட்டர் கேபிளில் போக வர 400 மீட்டர், 4.84 ஓம். ஹீட்டரும் சேர்ந்து 1 ஆம்பியர் இழுத்தால் 24 வோல்ட் கிளம்பி 19-தான் கருவிக்குப் போய்ச் சேரும். ஹீட்டர் ஓடும் விடியற்காலையில் மட்டும் ரீசெட் ஆகிறது என்றால் இதுவேதான். கருவி முனையில், ஹீட்டர் ஓடும்போது வோல்ட் அளங்கள். 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுங்கள், அல்லது ஹீட்டருக்குத் தனி லைன் இழுங்கள்.

சர்வீஸ் ஆளை அழைக்கும் முன்

சீரியல் எண், நிறுவிய நாளின் ஒளி அளவு, இன்றைய ஒளி அளவு, பெட்டி வெப்பம், குளிர்விப்புத் தகட்டின் கரண்ட், சோதனைக் குழலுக்கு வந்த எண், கருவி முனையில் வோல்ட், கோளாறு வரும் நேரம். இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். எந்தப் பாகம் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் முதல் வருகையிலேயே அவர் அதைக் கையோடு கொண்டுவருவார். அவர் வந்து முடிக்கும்வரை தொட்டி வேலையை நிறுத்தி வையுங்கள், அல்லது ஒவ்வொரு ஆளுக்கும் கையடக்கக் கருவி கொடுங்கள்.